கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்

கோலார் தங்கவயலிலிருந்து துபாய், ரியாத், தோஹா, குவைத், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டு விசாவுக்காகக் காத்திருப்பவர்களுக்கும்,



உங்கள் இக்காமாவில், அதாவது தங்கும் அனுமதி அட்டையில், உங்கள் பெயரோடு இன்னொரு பெயரும் அச்சாகியிருக்கிறது. அவரைக் கஃபீல் என்பீர்கள், சிலர் அர்பாப் என்பீர்கள், சிலர் ஸ்பான்சர். வேலை கொடுத்தவர் அவர். நீங்கள் அந்த நாட்டில் நிற்பதும் அவர் பெயரை வைத்துத்தான். படுக்கும் கேம்ப் அவருடையது. ஆஸ்பத்திரிக்குக் காட்டும் அட்டை அவர் கட்டிய காப்பீடு. சிம் கார்டும் பேங்க் கணக்கும் அந்த இக்காமாவைக் காட்டி வாங்கியவை. ஒரு நாள் அவர் ‘கேன்சல்’ என்று சொல்லிவிட்டால் இவை அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டம் காணும். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்த மடல். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு உண்டா, ஓவர்டைம் கிடைக்குமா என்று பத்துப் பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் எல்லாரும் கிளம்புகிறீர்கள். வேலையை அவர்களே முடித்துவிட்டால் கையில் என்ன வரும், எத்தனை நாளில் வரும், வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்று கேட்டுக்கொண்டு கிளம்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் வக்கீல் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைனில் பிறந்தவன். யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டுமென்றால் கதவைத் தட்டுவார்கள். முன்பு வந்தவை எல்லாம் பி.எஃப்., பென்ஷன், குவார்ட்டர்ஸ் சம்பந்தப்பட்ட காகிதங்கள். இப்போது அரபியில் அச்சடித்த காகிதங்களும் வருகின்றன. பெரும்பாலும் கையெழுத்துப் போட்டு முடிந்த பிறகே என் கைக்கு வருகின்றன. அதனால்தான் இதைப் பொதுவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஒரே கையைப் பிடித்துத் தொங்கும் வாழ்க்கை நம் ஊருக்குப் பழகியதுதான். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் இங்கே தங்கம் எடுக்க வந்தபோது இது மைசூர் சமஸ்தானத்தின் ஓரத்தில் கிடந்த பொட்டல். பூமிக்குள் இறங்க ஆட்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் சொந்த ஊரில் நிலமில்லாத, சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்ட சனம். அவர்களுக்கு மைசூர் வேறு ராஜாவின் சீமை, கன்னடம் வேறு பாஷை. வேலையைக் கம்பெனி கொடுத்தது. தட்டியும் தகரமுமாக லைன் வீட்டையும் கம்பெனிதான் கொடுத்தது. தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி. வேலை போனால் வீடும் போகும்.

மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்களுக்குப் பெயர் பல இருந்தாலும் நிர்வாகம் ஜான் டெய்லர் கையில்தான். ஒரு சுரங்கத்தில் விரட்டப்பட்டவன் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இன்னொன்றில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதில் அவர்களுக்குக் கவனம் அதிகம். 1930இல் எல்லாத் தொழிலாளரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆணை வந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் பலர். ஆனால் அந்த ரேகை எதற்கு என்பது அவர்களுக்கு விளங்கியிருந்தது. வேறு கம்பெனியில் சேரவிடாத தடையை நீங்கள் இன்று ‘லேபர் பேன்’ என்கிறீர்களே, அதற்குத் தாத்தா முறை.

பிறகு முதலாளிகள் மாறினார்கள். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, அதன்பின் மத்திய அரசு. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் வந்தது. ஏற்பாடு மட்டும் பழையதுதான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மறுநாள் ஷிப்ட் இல்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தை மூடுவதற்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்றது அப்போதிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின் 25-ஓ பிரிவு. இங்கே மூட நினைத்தது மத்திய அரசின் கம்பெனி, அனுமதி கொடுத்தது மத்திய அரசு. கஃபீலும் லேபர் ஆபீசும் ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் நம் அப்பாக்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. எஸ்.டி.பி.பி. என்ற பெயரில் கொடுத்த வேலை முடிப்புத் தொகையை வாங்கிக்கொண்டார்கள், போதாது என்று சொல்லவும் செய்தார்கள். சங்கங்கள் உயர் நீதிமன்றம் போயின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, சுரங்கத்தை உலக டெண்டருக்கு விடலாம் என்று தீர்ப்பு வந்தது 2013இல். அதாவது மூடிப் பன்னிரண்டு வருடம் கழித்து. அந்தப் பன்னிரண்டு வருடமும் சனம் அதே லைனில்தான் இருந்தது. விடியும் முன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்குப் போய் செக்யூரிட்டி, கார்மெண்ட்ஸ், கட்டட வேலை என்று பார்த்துவிட்டு இரவில் திரும்பியது. கம்பெனி ஆஸ்பத்திரி போனது. சுகாதாரம் பார்க்கக் கம்பெனி ஆள் இல்லாமல், உலர் கழிப்பறையை மனிதர் கையால் அள்ளும் கொடுமை இங்கே இன்னும் நடக்கிறது என்று 2011இல் நாடெல்லாம் செய்தியானது. காற்றடித்தால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி சோற்றில் விழுந்தது. இத்தனைக்கும் நடுவில் அவர்களால் உட்கார்ந்திருக்க முடிந்தது. வோட்டு இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது. கம்பெனி மூடிவிட்டதால் நீ இந்த மாநிலத்தை விட்டு வெளியேறு என்று யாரும் அவர்களிடம் சொல்ல முடியவில்லை. குவார்ட்டர்ஸ் இன்றைக்கு நம் சனத்தின் கையில் இருக்கிறதென்றால், பட்டா தகராறு எத்தனை மிச்சமிருந்தாலும் சரி, அதற்குக் காரணம் அவர்கள் நகராமல் இருந்ததுதான் என்பது என் எண்ணம். தீர்ப்புகளைவிட அதற்கே பங்கு அதிகம்.

உங்களுக்கு அந்த வசதி இல்லை. அமீரகத்தில் விசா ரத்தானால், விசா வகையைப் பொறுத்து, சாதாரணத் தொழிலாளிக்கு 30 நாளோ 60 நாளோ அவகாசம். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் விமானம். கேம்ப்பில் கட்டில் அதுவரைகூட இருக்குமா என்பது மேனேஜரின் மனதைப் பொறுத்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்த ஊரின் பிள்ளைக்கு இரண்டு மாதம். சட்டத்தில் உங்களுக்கு உரிமை எழுதப்படாமல் இல்லை. அதை வாங்குவதற்கான நாட்களைத்தான் அந்த விசா உங்களிடமிருந்து எடுத்துவிடுகிறது. நான் இதற்குமேல் சொல்லப் போகிற ஒவ்வொன்றும் அந்த நாட்களைச் சேமிப்பது பற்றித்தான்.

அது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. சவுதி ஓஜர் என்ற கட்டுமானக் கம்பெனி. எண்ணெய் விலை சரிந்து அரசு ஒப்பந்தப் பணம் முடங்கியபோது, 2016இல் பல்லாயிரம் பேருக்கு மாதக்கணக்கில் சம்பளம் நின்றது, அவர்களில் இந்தியர் பல ஆயிரம். ஜித்தாவில் கேம்ப் மெஸ்ஸில் சாப்பாடே நின்றுபோய், இந்தியத் துணைத் தூதரகத்தார் அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்போதைய மத்திய இணை அமைச்சர் வி.கே. சிங் நேரில் போனார். சவுதி அரசு நாட்டைவிட்டுக் கிளம்ப எக்ஸிட் விசா கொடுக்கச் சம்மதித்தது. தொழிலாளர்கள் பாக்கி சம்பளத்துக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அடுத்த வருடம், 2017இல், அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. 2020இல் கொரோனா வந்து வந்தே பாரத் விமானங்கள் பறந்தபோதும் இதே கதைதான். ஆளை ஊருக்குக் கொண்டுவரும் வேகத்தில் அவர் பாக்கியைப் பெரும்பாலும் யாரும் எழுதிக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அழைத்துவந்ததற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் உயிரோடு வந்து சேர்ந்தாயே, இன்னும் என்ன சம்பளம் என்று நம் அதிகாரிகள் கேட்கும் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன்.

பாஸ்போர்ட் முதலில். அது இந்திய அரசின் சொத்து, நம் பாஸ்போர்ட் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. கஃபீல் அதை வாங்கி வைத்துக்கொள்வதை அமீரகச் சட்டமும் தடுக்கிறது, சவுதியிலும் கத்தாரிலும் தடை உண்டு. இருந்தாலும் ‘பத்திரமாக இருக்கும்’ என்று ஆபீஸ் லாக்கருக்குப் போய்விடுகிறது. உடனே சண்டை போடுங்கள் என்று உங்களுக்கு யோசனை சொல்ல எனக்குத் துணிவில்லை. முதல் மாதச் சம்பளம் வாங்காதவன் எப்படிச் சண்டை போடுவான்? குறைந்தபட்சம் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். ஒப்பந்தத்தையும் அப்படியே செய்யுங்கள். இங்கே ஏஜெண்ட் ஆபீசில் ஒன்றில் கையெழுத்து வாங்கி, அங்கே இறங்கியதும் வேறொன்றில் வாங்குவது பழைய தந்திரம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் செயலியிலும் சவுதியில் கிவா என்ற தளத்திலும் உங்கள் பேரில் பதிவான ஒப்பந்தத்தை நீங்களே பார்க்கலாம். சண்டை வந்தால் செல்லுபடியாவது அதுதான்.

அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் தேட வேண்டிய எண் ‘பேஸிக்’. போன வருடம் ஒரு தம்பி தன் செட்டில்மெண்ட் காகிதத்தைக் கொண்டுவந்தான், கணக்கு தப்பு என்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாதம் 1500 திர்ஹம் என்று சொல்லி அழைத்துப் போயிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் பேஸிக் 900, மீதி அறுநூறு சாப்பாடு, படி, இதர. அமீரகச் சட்டப்படி ஒரு வருடம் முடித்தவர்க்கு, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேஸிக் சம்பளமும், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாளும் கிராஜுவிட்டி. 900ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 30. இருபத்தொரு நாளுக்கு 630. நான்கு வருடத்துக்கு 2520 திர்ஹம். பேஸிக் 1500 என்றே எழுதியிருந்தால் 4200 வந்திருக்கும். நான்கு வருட உழைப்பில் 1680 திர்ஹம் எங்கே போனது என்றால், முதல் நாளில் படிக்காமல் போட்ட கையெழுத்தில் போனது. அவனிடம் இதைச் சொன்னபோது, ‘அண்ணே, அப்ப விசா வந்ததே பெருசு’ என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சவுதியில் கணக்கு வேறு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதன்பின் வருடத்துக்கு ஒரு மாதம். இது முதலாளி வேலையை முடித்தாலும், ஒப்பந்தக் காலம் தீர்ந்தாலும். நீங்களாக ராஜினாமா செய்தால் இரண்டு வருடத்துக்குள் ஒன்றுமில்லை, ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. இதை இன்னொரு முறை படியுங்கள். கம்பெனிக்கு ஆள் வேண்டாமென்று ஆனதும், ‘நீயே எழுதிக் கொடுத்துவிடு, சீக்கிரம் எக்ஸிட் அடித்துத் தருகிறோம்’ என்று எச்.ஆர். அன்பாகக் கூப்பிட்டுச் சொல்வதற்கு இதுவே காரணம். நான்கு வருடம் வேலை செய்தவருக்கு வர வேண்டிய இரண்டு மாதச் சம்பளம் அந்த ஒரு கடிதத்தால் இருபது நாள் சம்பளமாகச் சுருங்குகிறது. தகுந்த காரணமில்லாமல் வேலையை முடித்தால், காலம் குறித்த ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் மாதங்களின் சம்பளத்தையும் கேட்க இடமுண்டு, ஒப்பந்தத்தில் வேறு இழப்பீடு எழுதியிருக்காவிட்டால். ராஜினாமா கடிதம் அதையும் விழுங்கிவிடும். அமீரகத்தில் புதிய சட்டம் 2022 பிப்ரவரியில் வந்தபின் கிராஜுவிட்டியில் இந்த வித்தியாசம் இல்லை. ஆனால் அங்கே வேறொன்று இருக்கிறது. 2023இலிருந்து வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். பேஸிக் 16,000 திர்ஹம் வரை உள்ளவர்க்கு மாதம் 5 திர்ஹம். பன்னிரண்டு மாதம் கட்டியிருந்தால், வேலை போனபின் பேஸிக்கில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். தானாக விலகியவருக்கு அது கிடையாது. வேலை போன 30 நாளுக்குள் கேட்க வேண்டும், நாட்டிலும் இருக்க வேண்டும். ஐந்து திர்ஹம் பிடித்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், வாங்கினேன் என்று சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கத்தாரில் வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரச் சம்பளம். குவைத்தில் மாதச் சம்பளக்காரர்க்கு முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு 15 நாள், பிறகு ஒரு மாதம். சிங்கப்பூரில் கிராஜுவிட்டி சட்டம் என்று ஒன்று கிடையாது. அங்கே பாக்கிச் சம்பளம், நோட்டீஸ் சம்பளம், ஊர் திரும்பும் டிக்கெட் இவைதான் உங்கள் கணக்கு. வேலை முடிந்த ஆறு மாதத்துக்குள் சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டி.ஏ.டி.எம். என்ற அமைப்பில் மனு போட வேண்டும். அங்கே போகிறவர்கள் அந்தப் பெயரை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் கேன்சல் பேப்பர். ‘எனக்கு வர வேண்டிய எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன், கம்பெனி மேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அதில் இருக்கும். பணம் வருவதற்கு முன்பே அதில் கையெழுத்து கேட்பார்கள். ‘ஏர்போர்ட்டில் கவரில் கொடுப்போம்’ என்பார்கள். ஏர்போர்ட் கவர் வந்த கதையும் உண்டு, வராத கதையும் உண்டு. பணம் வரும்வரை கையெழுத்துப் போடாமலிருப்பது உங்கள் உரிமை. போட்டே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், கையெழுத்துக்கு மேலேயே உங்கள் கையால், தமிழிலாவது, ‘இன்னும் பணம் கைக்கு வரவில்லை’ என்று தேதியோடு எழுதிப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் தர வேண்டும். சவுதியில் முதலாளி முடித்தால் ஒரு வாரத்துக்குள். டிக்கெட் இரண்டு இடத்திலும் கம்பெனி செலவு. அங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினாலோ உங்கள் மேல் தவறு என்று ஆனாலோ அமீரகத்தில் அது கிடையாது. விசா செலவு, ஏஜெண்ட் கமிஷன் என்று கடைசிச் சம்பளத்தில் கழித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆள் எடுத்த செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று அமீரகச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

பாக்கி வராவிட்டால் லேபர் ஆபீஸ். போக வேண்டிய நேரம் முக்கியம். வேலையில் இருக்கும்போதே, சம்பளம் இரண்டு மாதம் நின்றபோதே போக வேண்டும். ஏனென்றால் நீங்கள் புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் சில முதலாளிகள் முந்திக்கொண்டு ‘ஆள் ஓடிவிட்டான்’ என்று பதிந்துவிடுகிறார்கள். சவுதியில் நீங்கள் ஹுரூப் என்பது இதைத்தான். அது விழுந்தால் நீங்கள் பணம் கேட்கிறவர் என்ற நிலை போய், போலீஸ் தேடுகிறவர் ஆகிவிடுகிறீர்கள். புகார் எண் உங்கள் கையில் முதலில் இருந்தால் ஹுரூப் பொய் என்று காட்டுவது சுலபம். அமீரகத்தில் 50,000 திர்ஹம் வரையிலான கணக்கை அமைச்சகமே தீர்த்துவைக்க அதிகாரம் உண்டு. 2024 திருத்தத்துக்குப் பின் வேலை முடிந்து இரண்டு வருடம் வரை கேட்கலாம். சவுதியில் ஒரு வருடம். ஆக, விமானம் ஏறியதால் உரிமை சாவதில்லை. கேட்பதற்கு அங்கே ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். கிளம்பும் முன் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ விசாரித்து, நம்பிக்கையான ஒருவர் பேருக்கு வழக்கு நடத்தப் பவர் எழுதி, அந்த நாட்டில் செல்லும்படி முத்திரை வாங்கிவிடுங்கள். இதைச் செய்துவிட்டு வருகிறவர் நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கஃபாலா என்ற இந்தக் கஃபீல் முறையை எடுத்துவிட்டார்களாமே என்று சிலர் கேட்கிறீர்கள். கத்தாரில் 2020இல் என்.ஓ.சி. இல்லாமல் கம்பெனி மாறலாம் என்று சட்டம் வந்தது. சவுதியில் 2021 மார்ச்சிலிருந்து ஒரு வருடம் முடித்தவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாறலாம். இவை உண்மையான முன்னேற்றம்தான், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குவைத்தில் 2025 ஜூலையிலிருந்து, தனியார் கம்பெனித் தொழிலாளர் நாட்டைவிட்டு வெளியேறக் கம்பெனியின் சம்மதத்தோடு எக்ஸிட் பெர்மிட் வாங்க வேண்டும் என்று புதிதாக விதி போட்டிருக்கிறார்கள். முன்னே ஓரடி, பின்னே ஓரடி. இக்காமாவில் இன்னொருவர் பெயர் இருக்கும்வரை அவர் மனசு மாறுவதும் உங்கள் சட்டத்தில் ஒரு பிரிவுதான்.

‘ஃப்ரீ விசா’வில் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. யாரோ ஒரு கஃபீலிடம் காசு கொடுத்துப் பேரை வாங்கிக்கொண்டு வெளியில் வேலை செய்கிறீர்கள். வேலை கொடுத்தவனோடு உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் உள்ளவனிடம் நீங்கள் வேலை செய்யவில்லை. நான் மேலே எழுதிய எதையும் நீங்கள் கேட்க முடியாது. வீட்டு வேலைக்குப் போகும் தங்கைகளுக்கும் பொதுவான தொழிலாளர் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கென்று தனிச் சட்டங்களும் விதிகளும் உண்டு, அவற்றைச் செயல்படுத்த ஒரு வீட்டுக் கதவைத் தாண்டி யாரும் உள்ளே வருவதில்லை. தூதரகத்தின் எண்ணைத் துணிமூட்டையில் வையுங்கள், போனில் மட்டும் வேண்டாம். போனைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

நம் அரசின் பக்கம் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1983ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டத்தின் கீழ், பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும். இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவு, ஒப்பந்தச் சரிபார்ப்பு, பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு எல்லாம் அதோடு வரும். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டால் அந்த அனுமதி தேவையில்லை, எனவே அந்தப் பாதுகாப்பு வளையத்திலும் நீங்கள் இல்லை. செவிலியர்களுக்கு மட்டும் 2015இலிருந்து விதிவிலக்கு, படித்திருந்தாலும் அவர்களுக்கு அனுமதி கட்டாயம். தங்கவயலில் எந்த வீட்டிலும் பிள்ளையைப் பத்தாவது தாண்டவைக்காமல் விடமாட்டார்கள். ஆக, அப்பா சிலிகோசிஸ் நுரையீரலோடு படிக்கவைத்த பிள்ளை, படித்த காரணத்தாலேயே அரசின் கணக்கில் விழுவதில்லை. பதிவுபெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்ற விதியும் இங்கே பலருக்குத் தெரியாது. ஒன்றரை லட்சம் கொடுத்தவர்கள் ரசீது வைத்திருப்பதில்லை.

கேரளத்தில் வெளிநாடு போனவர்களுக்கென்று நோர்க்கா என்று தனித் துறையே இருக்கிறது. நம் நிலை கொஞ்சம் சிக்கல். பேசுவது தமிழ், வோட்டு கர்நாடகத்தில். சென்னையில் போய்க் கேட்டால் நீங்கள் கர்நாடகம் என்பார்கள், பெங்களூரில் கேட்டால் தமிழ்க்காரர் பிரச்சினை என்று காதில் விழாத மாதிரி இருப்பார்கள். இருந்தாலும் நீங்கள் இந்தியக் குடிமக்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மதத் என்ற வெளியுறவு அமைச்சகத் தளத்தில் புகார் பதியலாம். டிக்கெட், தங்குமிடம், வக்கீல் செலவுக்குத் தூதரகங்களில் 2009இலிருந்து இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும், எழுத்தில் கேட்டால்தான் பதில் வரும்.

கூட்டமாகப் போவது பற்றி. நம் ஊர் ரத்தத்தில் ஸ்ட்ரைக் இருக்கிறது, எனக்குத் தெரியும். அமீரகத்திலும் சவுதியிலும் சங்கத்துக்கு அனுமதியில்லை, வேலையை நிறுத்தினால் நாடு கடத்தும் அபாயம் உண்டு. ஆனால் இருபது பேர் ஒரே நாளில் லேபர் ஆபீசுக்குப் போய் இருபது புகார் எண் வாங்குவதை யாரும் ஸ்ட்ரைக் என்று சொல்ல முடியாது. தனியாகப் போனவனின் காகிதம் மேசையில் தூங்குவதும், இருபது பேர் காகிதம் மேலே நகர்வதும் எல்லா நாட்டு ஆபீசுக்கும் பொதுவான குணம். கேம்ப்பில் ஆந்திராக்காரர், பீகார்க்காரர், நேபாளி, வங்காளி எல்லாரும் இருப்பார்கள். 1930இல் இங்கே உட்கார்ந்தவர்களும் ஒரே பாஷைக்காரர்கள் இல்லை.

கடைசியாக நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். கோலார் டி.சி. ஆபீசுக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்பது இரண்டுதான். வெளிநாட்டில் வேலை முடிக்கப்பட்டு ஊர் திரும்பியவரின் பாக்கிக் கணக்கை இங்கேயே பதிந்து, தூதரகத்துக்கு அனுப்பி, பதில் வரும்வரை பின்தொடர ஒரு ஆள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்க்கும் கிளம்பும் முன் ஒப்பந்தத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் படித்துச் சொல்ல ஒரு நாள். மனுவோடு கணக்குகளை இணைத்தால் கனம் கூடும். வேலை முடிந்து வந்து பாக்கி வராமல் இருப்பவர்கள் எழுதி அனுப்புங்கள்: எந்த நாடு, எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் முடித்தார்கள், ஒப்பந்தத்தில் பேஸிக் எவ்வளவு, கையெழுத்துப் போட்ட காகிதம் என்ன, கையில் வந்தது எவ்வளவு. பெயர் வெளியில் வர வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிடுகிறேன். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் யாரைக் கேட்டாலும் மனு எழுதுகிறவர் வீடு என்று காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவரின் அண்ணன்,
கோலார் தங்கவயல்